இடது பின்கதவு

மே 4, ஞாயிறு

இன்று காரின் உறையை எடுத்தோம். ஆறரை மாதமாக மூடியே நின்றது.

அப்பா ஒரு முனை, நான் ஒரு முனை. உறைமேல் உமிச்சாம்பல் விரல் தடிமனுக்குப் படிந்திருந்தது. வீட்டுக்குத் தெற்கே மூன்று அரிசி ஆலைகள். காங்கேயத்தில் எதை மூடி வைத்தாலும் சாம்பல் உள்ளே போக ஒரு வழி கண்டுபிடித்துவிடும். உறையின் தையல்களுக்குள் புகுந்து கார்மேலும் வரிவரியாக இறங்கியிருந்தது. அதற்கு அடியில் அரக்குச் சிவப்பு. அக்கா பார்த்துப் பார்த்து எடுத்த நிறம்.

“ஆனி பன்னெண்டுக்குள்ள இதைப் புதுசாட்டம் ஆக்கிப்போடோணும் கண்ணு” என்றார் அப்பா.

“கடையில குடுத்தர்லாமுங்ப்பா. ரெண்டே நாள்ல பண்ணித் தந்துருவாங்க.”

“வெளிய குடுக்க வேண்டாம்.”

“ஏனுங்ப்பா?”

“வேண்டாம்னா வேண்டாம்.”

நானே செய்கிறேன் என்றேன். அப்பா உறையை மடித்தார். மடிப்பு சரியாக வரும்வரை மூன்று முறை பிரித்துப் பிரித்து மடித்தார்.

நடந்ததை ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன். எழுத்தில் எப்படித் தெரிகிறது என்று பார்க்க.

அக்கா வாசுகி போன செப்டம்பரில் இறந்தாள். சென்னிமலையில், அவள் வீட்டுப் போர்ட்டிகோவில், கார் கழுவிக்கொண்டிருந்தபோது சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்தாள். பின்மண்டையில் அடி. அவளுடைய பெண் ஆதிரைக்கு மூன்றரை வயது. அந்த வீட்டில்தான் இருக்கிறாள். நாற்பதாம் நாள் சீர்ச் சாமான்களோடு சீராகக் கொடுத்த காரும் திரும்பி வந்தது. ஆனி பன்னிரண்டில் அக்காவின் கணவர் லோகநாதன் மாமாவுக்கும் எனக்கும் கல்யாணம். கார் திரும்பப் போகும். கூடவே நான்.

சரி என்று சொன்னது நான்தான். ஆதிரைக்காக. யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

மே 5

காய்ந்த சாம்பலை அப்பாவின் பழைய வேட்டித் துணியால் துடைத்தது பிழை. சாம்பல் என்றால் மிருது என்று நினைத்திருந்தேன். உமிச்சாம்பலில் கண்ணாடித்தூள் போல ஏதோ இருக்கிறது. பானெட் முழுவதும் மெல்லிய கீறல்கள். வெயில் படும்போது மட்டும் தெரிகின்றன, சிலந்தி வலைபோல. நான் நகர்ந்தால் வலையும் நகர்கிறது. எங்கே நின்று பார்த்தாலும் அதன் நடுவில்தான் இருக்கிறேன்.

மே 7

பஸ் ஸ்டாண்டு பக்கம் கார் சாமான் கடை. கடைக்காரர் பெயர் ஜாபர். பாலிஷ் டப்பா, மெழுகு டப்பா, பஞ்சுத் திண்டு, நுண்ணிழைத் துணி ஆறு.

“கல்யாணக் காருங்களா?”

“ஆமாங்க.”

“யாருக்குங்க கல்யாணம்?”

“எனக்குத்தானுங்க.”

அவர் டப்பாவைக் கீழே வைத்துவிட்டார். “முப்பது வருசமாக் கடை வெச்சிருக்கேன். கல்யாணப் பொண்ணு வந்து பாலிஷ் வாங்கறது இதான் மொதல் தடவை. மாப்பிள்ளை எங்க போயிருக்காருங்க, பூரிக்கட்டை வாங்கவா?”

சிரித்தேன். கடையில் இருந்த இன்னொருவரும் சிரித்தார். ஜாபர் அண்ணன் சொன்னவை: வெயிலில் தேய்க்கக் கூடாது. மேலிருந்து கீழே வர வேண்டும். தண்ணீர் பட்ட துணி தரையில் விழுந்தால் அதைத் திரும்பத் தொடக் கூடாது. கீறலின் குறுக்கே நகத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். நகம் வழுக்கிக்கொண்டு போனால் பாலிஷில் போய்விடும். நகம் தடுக்கி நின்றால் எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

“அப்படி நின்னா?”

“நின்னா நின்னதுதானுங்க. அதும்பாட்டுக்கு இருக்கட்டும்னு விட்டுப்போடோணும்.”

மே 11, ஞாயிறு

முதல் கழுவல்.

போர்வெல் தண்ணீர் உப்பு. காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி நிற்கும். ஆற்றுத் தண்ணீர் வரும் நாள் பார்த்துப் பிடித்து வைத்தேன். ஒரு வாளியில் ஷாம்பு, ஒரு வாளியில் வெறும் தண்ணீர். கூரை. கண்ணாடிகள். பானெட். கதவுகள். கடைசியில் சக்கரங்கள். வெறும் வாளித் தண்ணீர் முதலில் சாம்பல் நிறத்தில் இருந்தது. பிறகு செம்மண் நிறம். செம்மண் இடது பக்கக் கதவுகளின் அடியிலிருந்துதான் வந்தது. சென்னிமலை வீட்டிலிருந்து தார் ரோட்டுக்குப் போக நூறடி செம்மண் பாதை உண்டு.

துடைத்து முடித்தபின் கதவுகளின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டும். அடியில் சிறு துளைகள் இருக்குமாம், கண்ணாடி வழியே இறங்கும் நீர் வடிய. மூன்று கதவுகளும் பத்து நிமிடத்தில் நின்றுவிட்டன. இடது பின்கதவு நிற்கவில்லை. கீழே ஒரு கிண்ணம் வைத்தேன். சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, ஆய்வேட்டுக் குறிப்புகளைப் பெட்டியில் அடுக்கி, திரும்பி வந்தபோதும் சொட்டிக்கொண்டிருந்தது. ஒன்று. நிறுத்தம். ஒன்று.

துளை அடைத்திருக்கும். அவ்வளவுதான்.

மே 13

சோதனை.

போர்ட்டிகோ தரையில் ஷாம்பு நுரையை ஒரு வாளி ஊற்றினேன். வெறுங்காலோடு நின்றேன். எங்கள் தரை வழவழப்பான மொசைக். அந்த வீட்டுத் தரை சொரசொரப்புக் கல். போன பொங்கலுக்குப் போனபோது ஆதிரை அதில் விழுந்து முட்டி சிராய்த்துக்கொண்டாள்.

நடந்தேன். குனிந்தேன். டயரைத் தேய்ப்பதுபோல் செய்தேன். வேகமாக எழுந்தேன். இன்னொரு வாளி ஊற்றினேன். திரும்பினேன். பின்பக்கமாக நடந்தேன்.

அம்மா சமையலறையிலிருந்து வந்தாள். கரண்டி கையிலேயே இருந்தது.

“என்னடி பண்றே?”

“ஒண்ணுமில்லீங்ம்மா. கழுவறேன்.”

“காரு அங்கல்ல நிக்குது. வெறுந்தரையில நின்னுட்டு எதைக் கழுவறே?”

அம்மா என் கால்களைப் பார்த்தாள், நுரைக்குள். முகம் மாறியது. என் கையைப் பிடித்து இழுத்து உள்ளே கொண்டுபோய் உட்கார வைத்து, புடவைத் தலைப்பால் என் கால்களைத் துடைத்தாள். விரல் இடுக்குகளை எல்லாம். அடுப்பில் எண்ணெய் புகைந்துகொண்டிருந்தது.

வழுக்கவில்லை. அதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

மே 15

பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம். ஆய்விலிருந்து விலகும் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது. ஜூன் இறுதிக்குள் மனம் மாறினால் தெரிவிக்கலாம்.

என் தலைப்பில் ‘மேற்பரப்பு’ என்று ஒரு சொல் இருந்தது. இரண்டு வருடம் அதைப் பற்றிப் படித்தேன். ஒரு மேற்பரப்பையும் தொட்டதில்லை.

மே 17

பாலிஷ். பஞ்சுத் திண்டில் பட்டாணி அளவு. சிறு சிறு வட்டம். அழுத்தமாக ஆறு சுற்று, மென்மையாக ஆறு சுற்று, துணியால் துடைப்பு. காலை ஆறு மணிக்குத் தொடங்கி வெயில் போர்ட்டிகோவுக்குள் வரும்வரை.

பானெட், கூரை, வலது பக்கம் இரண்டு கதவுகளும் முடிந்தன. சிலந்தி வலை போய்விட்டது. துணி அழுக்கு வெள்ளையாகவே இருந்தது. பானெட்டில் மரம் தெரிகிறது, மின்கம்பி தெரிகிறது, அதில் உட்கார்ந்த காக்கையின் மூக்குவரை தெரிகிறது. நான் தெரிகிறேன். எனக்கு இது பிடித்திருக்கிறது. பிடித்திருக்கக் கூடாது என்று தோன்றுகிறது.

இடது பின்கதவில் நாலாவது சுற்றில் துணி சிவந்தது.

துணியைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தேன். அந்தப் பக்கமும் சிவந்தது.

கதவில் என் முகம் மங்கலாகத் தெரிந்தது. நெற்றியில் பொட்டு. இன்று நான் பொட்டு வைக்கவில்லை. கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தேன். பெயிண்ட்டில் ஒரு சிறு கொப்புளம். நகர்ந்தால் நெற்றியை விட்டுப் போய்விடுகிறது. திரும்ப அதே இடத்தில் நின்றால் திரும்ப வருகிறது. நான் நிற்கிற உயரமும் அக்கா நிற்கிற உயரமும் ஒன்றுதான்.

அம்மா துணிகளை ஊற வைக்கும்போது கேட்டாள். “ஏங்கண்ணு, குங்குமச் சிமிழைக் கொட்டீட்டயா?”

மே 18

ஜாபர் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

“ஒரு கதவுல மட்டும் வருதுங்களா? அப்ப அந்தக் கதவை மறுக்கா பெயிண்ட் அடிச்சிருக்காங்க. கம்பெனி பெயிண்ட்டுன்னா மேல கண்ணாடியாட்டம் ஒரு பூச்சு இருக்குமுங்க, துணியில கலரே எறங்காது. இது யாரோ அவசரத்துக்கு அடிச்சிருக்கறாங்க. எங்காச்சும் இடிச்சாரோ மாப்பிள்ளை?”

“தெரியலீங்க.”

“கேட்டுக்குங்க. கல்யாணத்துக்கு முன்னாலயே கேட்டுப்போடறது நல்லது.” சிரித்தார். பிறகு சொன்னார்: “ஆனா ஒண்ணுங்க. அப்படி அடிச்ச பெயிண்ட்டு வெயில் பட்டுப் பட்டுச் சுருங்கும். நீங்க தேய்க்கத் தேய்க்க இன்னும் தேயும். அடியில என்ன இருந்துச்சோ, அது மெதுவா மேல தெரிய ஆரம்பிக்கும்.”

மே 20

மத்தியானம் மாமா பேசினார்.

“சாப்ட்டயா தாரிணி?”

“ஆச்சுங்க மாமா.”

“காரை நீயே தேய்க்கறயாமா. உங்கப்பா சொன்னாரு. எதுக்குச் சாமி கையை நோவ வெச்சுக்கறே? மேலாக்க ஒரு தண்ணி விட்டாப் போதும். புதுக் காரெல்லாம் வேண்டாம், வாசுகி காரே போதும்னு நாந்தான் சொல்லிப்போட்டேன். உங்களுக்கும் எதுக்கு வீண் சிரமம்.”

“சரிங்க மாமா.”

“எல்லாப் பக்கமுமா தேய்க்கறே?”

“ஆமாங்க.”

“கதவெல்லாம் ரொம்பத் தேய்க்காதே. பெயிண்ட்டு போயிரும்.”

நல்ல குரல். எப்போதும் நல்ல குரல்தான். அக்காவின் காரியத்தன்றுகூட, வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் கிடைத்ததா என்று விசாரித்துக்கொண்டே இருந்தார்.

ஆதிரையிடம் போனைக் கொடுத்தார். மூச்சு மட்டும் கேட்டது. சித்தி பேசறேன் கண்ணு என்றேன். மூச்சு. உனக்கு என்ன வேணும் என்றேன். மூச்சு நின்று, பிறகு வந்தது.

மே 21

கல்யாணப் புடவை எடுத்தாயிற்று. அரக்குச் சிவப்பு. நான் தேர்ந்தெடுக்கவில்லை.

மே 24

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு வெயில் போர்ட்டிகோவுக்குள் சாய்வாக வருகிறது. பத்து நிமிடம் இருக்கும். அந்தப் பத்து நிமிடத்தில் பார்த்தேன்.

இடது பின்கதவு. கண்ணாடிக்குக் கீழே தொடங்கி, கைப்பிடியைத் தாண்டி, பின்சக்கரத்தை நோக்கிச் சரிகிற நான்கு கோடுகள். ஒன்றுக்கொன்று விரல் இடைவெளி. பெயிண்ட்டின் மேல் இல்லை, உள்ளே. தண்ணீருக்கடியில் கயிறு தெரிவதுபோல.

தொடங்கும் இடத்தில் அழுத்தம். பின்னால் போகப் போக மெலிந்து, முடிகின்றன. நின்றிருக்கும் கார்மேல் இப்படி விழாது. கார் முன்னால் போக வேண்டும், கை அங்கேயே இருக்க வேண்டும்.

மூன்று கோடுகளில் நகம் வழுக்குகிறது. ஒன்றில் நிற்கிறது. மேலிருந்து மூன்றாவது. மோதிரம் போடுகிற விரல்.

என் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். எனக்கும் அக்காவுக்கும் ஒரே வளையல் அளவு. பொருந்தியது.

வெயில் போனதும் கதவு வெறும் சிவப்பாகிவிட்டது.

மே 25

தேய்க்கவில்லை.

மே 26

தேய்த்தேன். மங்கிவிடும் என்று. தெளிகிறது.

மே 28

போன வருடம், ஆடி மாதம். அக்கா போனில்.

“அவருக்குக் கோவம் வந்துச்சுன்னா பேச மாட்டாருடி. புள்ளையத் தூக்கிக் கார்ல போட்டுட்டு எங்கியாச்சும் போயிருவாரு. ரெண்டு மணி நேரம் கழிச்சு வருவாரு, மூணு மணி நேரம் கழிச்சு வருவாரு. நாங் கதவைப் புடிச்சுட்டு வாசல் கேட்டு வரைக்கும் கூடவே ஓடுவேன். பெரிய கூத்துப் போ. பக்கத்து ஊட்டுக்காரிக்கு டிவியே வேண்டாம்.”

சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்றைக்கு ஒரு கட்டுரை அனுப்பக் கடைசி நாள். நாளைக்குக் கூப்பிடுகிறேன் என்றேன். கூப்பிட்டேனா என்று நினைவில்லை.

நினைவில்லை என்று எழுதியிருக்கிறேன். கூப்பிடவில்லை.

மே 31

அப்பாவைக் கூப்பிட்டேன், ஐந்தரைக்கு. வீட்டை ஒட்டித்தான் எங்கள் கொப்பரைக் களம். தேங்காய்ப் பருப்பைப் புரட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே வந்தார். கை எண்ணெயாக இருந்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“இங்க நகத்தை ஓட்டிப் பாருங்ப்பா.”

ஓட்டினார். மூன்றாவது கோட்டில் நகம் நின்றது. அவர் அதை எடுக்கவில்லை. வெயில் அவர் புறங்கை மயிர்மேல் இருந்தது.

“பெயிண்ட்டுக்காரன் செரியாப் பண்ணுல” என்றார்.

நான் பெயிண்ட் என்ற சொல்லையே எடுத்திருக்கவில்லை.

“உங்களுக்குத் தெரியுமுங்ளா?”

அப்பா கார்மேல் சாய்ந்துகொண்டார். அவர் எதன்மேலும் சாய்ந்து நான் பார்த்ததில்லை.

“நாப்பதாம் நாள் கார் வந்து நின்னப்ப, எறக்கி வைக்கறவங்களுக்கு வழி விடறதுக்கு இதுல கைய ஊனுனேன். ஒட்டுச்சு. பெயிண்ட்டு காயவே இல்ல.”

“ஏனுங்ப்பா யாரையும் கேக்கல?”

“கேட்டா?”

கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் என்பதால் ஆர்.டி.ஓ. விசாரணை நடந்தது. கார் வந்த அடுத்த வாரம். சாவில் சந்தேகம் இல்லை என்று அப்பா எழுதிக் கையெழுத்துப் போட்டார். அது எனக்குத் தெரியும். தெரியாதது இது:

“மூணு தடவை கேட்டாரு கண்ணு. நல்லா யோசிச்சுச் சொல்லுங்கன்னு கேட்டாரு. எதுத்தாப்புல பெஞ்சுல புள்ளை அவம் மடியில உக்காந்திருந்துச்சு. என்னையவே பாத்துட்டு இருந்துச்சு. அவங் கை அது வவுத்து மேல இருந்துச்சு. சந்தேகம்னு ஒரு வார்த்தை எம் வாயில வந்துச்சுன்னா அப்பறம் அந்தப் புள்ளைய நாம எங்க பாக்கறது? வாசுகி போயிட்டா. அதுவாச்சும் இருக்குதுன்னு...” நிறுத்தினார். “நீ போனீன்னா, பக்கத்துல ஒருத்தி இருப்பே. அந்தப் புள்ளைக்கு.”

எனக்குப் பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று நான் கேட்கவில்லை. இங்கே எழுதிப் பார்க்கிறேன், எப்படித் தெரிகிறதென்று.

“தாராபுரத்துல ஒருத்தன் இருக்கறான்” என்றார் அப்பா, போகும்போது. “நல்லா வேலை பண்ணுவானாமா. ஒரே நாள்ல இதை மறைச்சுருவான்.”

ஜூன் 1

மெழுகு பூசினேன். மெல்லியதாக, ஒரே சீராக. பனிபோல் வெளுக்கும்வரை காத்திருந்து துடைத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஜூன் 3

மழை. பத்து நிமிடம்.

மெழுகுமேல் துளிகள் முத்து முத்தாக நின்றன. நான்கு கோடுகளின்மேலும் நின்றன, வரிசையாக, பாசிமணி கோத்தது போல. இப்போது வெயில் வேண்டியதில்லை. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

அம்மா சன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சன்னலைச் சாத்திவிட்டாள்.

ஜூன் 6

தாராபுரத்துக்காரர் வந்தார். அப்பா வாசலிலேயே அவரை நிறுத்தி, வேலை இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று திருப்பி அனுப்பினார். காரணம் சொல்லவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

உப்புச் சர்க்கரை மாற்றுகிற நாள். இரண்டு வீடும் உப்பையும் சர்க்கரையையும் மாற்றிக்கொண்டால் பேச்சு முடிந்தது, அதன்பின் யாரும் பின்வாங்கக் கூடாது. கூட்டம் வேண்டாம் என்று மாமாவே சொல்லியிருந்தார். அவர், அவருடைய பெரியப்பா, ஆதிரை. பத்து மணிக்கு வந்தார்கள்.

பெரியப்பா காரைப் பார்த்து வாயைப் பிளந்தார். “அடேங்கப்பா! இதென்ன அதே காருதானா? மூஞ்சி பாத்துச் சவரம் பண்ணிக்கலாமாட்ட இருக்குது.”

மாமா இடது பக்கம் வரவில்லை. வலது பக்கமாகவே சுற்றி உள்ளே போனார்.

ஆதிரை காருக்கு அருகிலேயே நின்றாள். வளர்ந்திருக்கிறாள். முடியை ஒட்ட வெட்டிவிட்டிருக்கிறார்கள். ஏறுகிறாயா என்று கேட்டேன். தலையாட்டினாள். வலது பின்கதவைத் திறந்து விட்டேன். ஏறி, இருக்கையில் நகர்ந்து நகர்ந்து இடது ஓரத்துக்குப் போய்க் கண்ணாடியோடு ஒட்டி உட்கார்ந்தாள். பழகிய இடம்போல.

நான் சுற்றி வந்து இடது பக்கம் வெளியே நின்றேன். கண்ணாடி இறங்கியிருந்தது. விளிம்பில் கையை வைத்துக் குனிந்து அவளைப் பார்த்துச் சிரித்தேன்.

அவள் என் விரல்களைப் பார்த்தாள்.

“கைய எடு” என்றாள்.

அவள் குரல் இல்லை. அடித்தொண்டையிலிருந்து, மெதுவாக, கோபமே இல்லாமல். “கைய எடு. சொல்றேன்ல. கைய எடு.”

குனிந்தபடியே கேட்டேன்.

“யாரு கண்ணு அப்படிச் சொல்வாங்க?”

“அப்பா.”

“யாருகிட்ட?”

“அம்மாகிட்ட.” விரலால் கண்ணாடி விளிம்பைத் தொட்டுக் காட்டினாள். “அம்மா எடுக்கல. அப்பறம் எடுத்துட்டா.” கொஞ்சம் யோசித்தாள். “அப்பறம் காணோம்.”

நிமிர்ந்தேன். மாமா படியில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. சிரித்துக்கொண்டிருந்தார்.

“டிவி பாத்துப் பாத்துக் கெட்டுப்போச்சு அது. எல்லாத்துக்கும் டயலாக்கு.” படி இறங்கினார். “சாவி வண்டியிலதான இருக்குது? ஒரு சுத்து ஓட்டிப் பாத்துட்டு வந்தர்றேன். ஆதிரைக்குக் காத்தாட இருக்கும்.”

“இப்ப வேண்டாமுங்க மாமா. தட்டெல்லாம் எடுத்து வெச்சாச்சுங்க.”

“அஞ்சே நிமிசம்.”

ஏறி உட்கார்ந்தார். எஞ்சின் ஓடத் தொடங்கியது. மூடி நின்ற மாதங்களிலும் அப்பா வாரம் ஒருமுறை உறையை ஓரமாகத் தூக்கி ஏறி, ஓடவிட்டு நிறுத்துவார். அப்போதெல்லாம் இந்தச் சத்தம் எனக்கு ஒன்றும் செய்ததில்லை. ஆதிரை இரண்டு கைகளையும் மடியில் இறுக்கிக்கொண்டாள்.

நான் கதவைப் பிடித்தேன். என் கை எங்கே போகும் என்று எனக்கு முன்பே தெரிந்திருந்தது.

அவர் உள்கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நல்ல குரல்.

“தாரிணி. கைய எடு.”

எடுக்கவில்லை.

“சொல்றேன்ல.”

கார் ஒரு சாண் நகர்ந்தது. மெழுகு பூசிய பரப்பில் விரல்கள் நிற்கவில்லை. கண்ணாடி விளிம்பை இறுகப் பற்றினேன். இன்னொரு சாண். ஒரு எட்டு வைத்தேன். அடுத்த எட்டு. ஓடினால் அக்கா ஆகிவிடுவேன், விட்டால் ஆதிரை போய்விடுவாள். இவ்வளவு தெளிவாக வாழ்க்கையில் நான் எதையும் யோசித்ததில்லை.

அப்போது கார் நின்றது.

அப்பா முன்னால் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று பார்க்கவில்லை. தோளில் புதுத் துண்டு. இரண்டு உள்ளங்கைகளையும் பானெட்டில் ஊன்றி, மாட்டை நிறுத்துவதுபோல நின்றிருந்தார். பானெட்டில் அவருடைய இன்னொரு உருவம் கீழிருந்து கை கோத்திருந்தது.

“எறங்குங்க மாப்பிள்ளை” என்றார்.

“மாமா, சும்மா ஒரு சுத்து—”

“எறங்குங்க.”

“நவுருங்க மாமா. அப்பறம் புள்ளைய நீங்க—”

“எறங்குடா.”

ஐந்து வருடத்தில் அப்பா அவரை ‘ங்க’ போடாமல் அழைத்ததில்லை. உள்ளேயிருந்து பெரியப்பா தட்டைப் பிடித்தபடி வந்து நின்றுவிட்டார். களத்திலிருந்து பருப்பு புரட்டுகிற பெண்கள் நால்வரும் வந்தார்கள். ஒருத்தி கையில் தேங்காய் உடைக்கிற அரிவாள், வேலையிலிருந்து அப்படியே. அவள் அதை ஓங்கவில்லை. கீழே வைக்கவும் இல்லை.

எஞ்சின் நின்றது.

அம்மா வந்து இடது பின்கதவைத் திறந்து ஆதிரையைத் தூக்கிக்கொண்டாள். ஆதிரை அழவில்லை. அம்மாவின் தோளுக்கு மேலாகக் கதவையே பார்த்துக்கொண்டு போனாள்.

உப்பும் சர்க்கரையும் மேசைமேல் அப்படியே இருந்தன. சாயங்காலம் எறும்பு வந்தது.

ஜூன் 9

அப்பா குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, ஆர்.டி.ஓ. அலுவலகம் போனார். நான் கூடப் போனேன். மனுவை நான் எழுதினேன். ‘அன்று நான் அளித்த வாக்குமூலம் அச்சத்தால் அளித்தது.’ அச்சம் என்று போட வேண்டுமா, பயம் என்று போடலாமா என்று கேட்டேன்.

“எது பெருசோ அதைப் போடு” என்றார்.

ஜூன் 12

காவல் நிலையத்திலிருந்து வந்தார்கள். கூடவே கோவையிலிருந்து தடய ஆய்வுக்காரர் ஒருவர், கண்ணாடி போட்ட இளைஞர். விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் படம் எடுத்தார். கதவில் சிறு சதுரமாகப் பெயிண்ட்டைச் சுரண்டி உறையில் போட்டுக்கொண்டார். மேலே ஒரு சிவப்பு. அடியில் இன்னொரு சிவப்பு. நடுவில் கோடு.

“இவ்வளவு தெளிவா எப்படிங்க வந்துச்சு?” என்று கேட்டார். “பெயிண்ட் அடிச்சு மூடுனது பொதுவா இப்படித் தெரியாதே.”

“தேய்ச்சேனுங்க.”

“எத்தனை தடவை?”

கணக்கில்லை என்றேன்.

மாமாவைக் கூப்பிட்டு விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். கல்தரையில் நுரை இருந்தது என்று அவர் தரப்பில் இன்னும் சொல்கிறார்களாம். ஆதிரை அடுத்த உத்தரவு வரும்வரை இங்கே இருக்கலாம். அதன்பின் என்னவென்று யாருக்கும் தெரியாது. வழக்கு எத்தனை வருடம் ஓடும் என்றும்.

காரை இருந்த இடத்திலிருந்து நகர்த்தக் கூடாது, தொடக் கூடாது, கழுவக் கூடாது என்று எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஜூன் 13

பல்கலைக்கழகத்துக்கு எழுதினேன். மனம் மாறிவிட்டது என்று.

ஜூன் 15, ஞாயிறு

கழுவவில்லை. சாம்பல் விழத் தொடங்கிவிட்டது.

காலையில் ஆதிரையைக் காணவில்லை. பாயில் இல்லை, பின்கட்டில் இல்லை. அம்மா கத்திக்கொண்டே களத்துக்கு ஓடினாள். நான் வாசலுக்கு வந்தேன்.

காருக்குள் இருந்தாள். இடது ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். எப்படித் திறந்தாளோ. என்னைப் பார்த்தாள்.

“சித்தி, காரு போவுமா?”

“போவாது கண்ணு.”

“அப்பா ஓட்டினா?”

“யாரு ஓட்டினாலும் போவாது.”

பிறகு இடது பின்கதவை உள்ளிருந்து தள்ளித் திறந்தாள். கனமான கதவு. இரண்டு கைகளாலும் அதைத் திறந்தபடி பிடித்துக்கொண்டாள். உடம்பை நகர்த்தி, நகர்த்தி, இருக்கையின் நடுவுக்குப் போனாள். ஓரத்தில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டு.

காத்திருந்தாள். தொடாதே என்று சொல்லியிருக்க வேண்டும். கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சொல்லவில்லை. ஆலைச் சங்கு ஊதி ஓய்ந்தது. சாம்பல் ஒன்றிரண்டாக இறங்கிக்கொண்டிருந்தது, கூரைமேல், பானெட்மேல்.

பிறகு எக்கி, கதவை இழுத்துச் சாத்தினாள். விரல் எதுவும் மாட்டிவிடாமல், மெதுவாக.